பொன்பரப்பி தமிழரசன்

தமிழரசன் (1945 – செப்டம்பர் 1, 1987) தமிழ்நாடு விடுதலைப் படை என்னும் ஆயுதக் குழுவை உருவாக்கித் தலைமை தாங்கியவர். நக்சல்பாரி இயக்கத்தின் வழியே பொதுவாழ்வுக்கு வந்து, பின்னர் தமிழ்த் தேசிய விடுதலை என்ற கொள்கைக்கு மாறினார். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் செந்துறைக்கு அருகிலுள்ள பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளை ஒன்றின்போது, கூடிய மக்களால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஊர்ப் பெயரோடு சேர்த்தே இன்று அவர் அறியப்படுகிறார்.

நிலமும் காலமும்

குள்ளஞ்சாவடி, விருத்தாசலம், பெண்ணாடம் என்று மேற்கே போய், வெள்ளாற்றைக் கடந்தால் செந்துறை, ஆண்டிமடம், செயங்கொண்டம் என்று விரியும் பகுதி பெரும்பாலும் செம்மண் மேட்டு நிலம். முந்திரிக்காடு அதன் அடையாளம். மழையை நம்பிய வேளாண்மை, கூலி வேலை, கடன் என்பதே அங்கு பெரும்பாலோரின் வாழ்க்கையாக இருந்தது. வன்னியர்களும் பட்டியல் சாதியினரும் அருகருகே, ஆனால் ஊர் வேறு, சேரி வேறு என்று வாழ்ந்தனர். இரு பக்கமும் ஏழைகளே மிகுதி. தமிழரசனின் பிற்கால அரசியலைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி முக்கியமானது.

1967 இல் மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் எழுந்த உழவர் கிளர்ச்சிக்குப் பின், மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறிக் கிராமங்களுக்குச் செல்ல வேண்டும் என்று சாரு மஜும்தார் அழைப்பு விடுத்தார். கோயம்புத்தூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த தமிழரசன் அதை ஏற்றுப் படிப்பைக் கைவிட்டார். பெண்ணாடத்தை அடுத்த சௌந்தரசோழபுரத்தைச் சேர்ந்த தமிழாசிரியர் புலவர் கலியபெருமாளுடன் இணைந்து பணியாற்றினார். 1970 இல் கலியபெருமாளின் தோப்பில் குண்டு தயாரிக்கும்போது ஏற்பட்ட வெடிப்பில் மூன்று இளைஞர்கள் இறந்தனர். கலியபெருமாளுக்குக் கொலை வழக்கொன்றில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அவர் 1983 இல் விடுதலையாகி 2007 வரை வாழ்ந்தார். தமிழரசனும் சில ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

சாதியும் தேசிய இனமும்

சிறையிலிருந்து வெளிவந்தபின் அவருக்கும் கட்சிக்கும் கருத்து வேறுபாடு முற்றியது. இந்தியா பல தேசிய இனங்களின் சிறைக்கூடம் என்றும், தமிழகத்தின் விடுதலையைத் தனியே முன்வைக்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். 1983 க்குப் பின் ஈழத்தில் நடந்தவை இந்த எண்ணத்துக்கு மேலும் வலுவூட்டின. கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் தனி அமைப்பு கண்டனர். அதன் ஆயுதப் பிரிவே தமிழ்நாடு விடுதலைப் படை.

1985 இல் வெளியான மீன்சுருட்டி அறிக்கை அவருடைய சிந்தனைக்குச் சான்றாக இன்றும் பேசப்படுகிறது. வர்க்கம் ஒழிந்தால் சாதி தானே ஒழியும் என்று அன்றைய பொதுவுடைமையாளர் பலர் கருதிவந்தனர். சாதி ஒழிப்பைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்க முடியாது என்பது அவ்வறிக்கையின் நிலைப்பாடு. அவருடைய ஆயுத வழியை முற்றாக மறுப்பவர்களும் இந்த ஆவணத்தைப் பொருட்படுத்திப் படிக்கிறார்கள்; படிக்கவும் வேண்டும்.

மருதையாற்றுப் பாலம்

1987 மார்ச் 15 அன்று அரியலூர் அருகே மருதையாற்றின் ரயில் பாலம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அவ்வழியே வந்த மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் உயிரிழந்தனர். ரயிலைக் கவிழ்ப்பது நோக்கமல்ல, முன்கூட்டியே எச்சரிக்கை தரப்பட்டது என்று இயக்க ஆதரவாளர்கள் கூறிவருகின்றனர். எச்சரிக்கை தரப்பட்டதோ இல்லையோ, ரயில் வரும் பாதையில் குண்டு வைத்தவர்களே அந்தச் சாவுகளுக்குப் பொறுப்பு. இறந்தவர்கள் எந்த அரசையும் நடத்தியவர்கள் அல்லர். சீட்டு வாங்கி ரயிலில் ஏறியவர்கள். இந்நிகழ்வுக்குப் பின் காவல்துறையின் தேடுதல் கடுமையானது.

பொன்பரப்பியில் நடந்தது

ஆயுத இயக்கங்கள் பணத்துக்காக வங்கியைக் கொள்ளையிடுவது புதிதன்று. 1907 இல் ருஷ்யப் பேரரசின் திப்லிசு நகரில் போல்ஷெவிக்குகள் வங்கிப் பணத்தைக் கொள்ளையிட்டனர். அயர்லாந்தின் ஆயுதக் குழுக்களும் இதையே செய்தன. தமிழரசன் குழுவினர் தேர்ந்தெடுத்தது பொன்பரப்பியில் இருந்த பாரத ஸ்டேட் வங்கிக் கிளையை.

1987 செப்டம்பர் 1 அன்று பகலில் வங்கிக்குள் நுழைந்தவர்கள் பணத்துடன் தப்பும்போது ஊர் மக்கள் திரண்டு சூழ்ந்துகொண்டனர். கற்களாலும் தடிகளாலும் தாக்கப்பட்டுத் தமிழரசன் உட்பட ஐவர் இறந்தனர். இதுவரை ஐயமில்லை. மற்றவற்றில் இரண்டு கூற்றுகள் உள்ளன. கொள்ளையரைப் பொதுமக்கள் துணிந்து தடுத்தனர் என்பது காவல்துறை சொன்னது. சாதாரண உடையில் கூட்டத்தில் கலந்திருந்த காவலர்கள் திட்டமிட்டு நடத்திய கொலை அது என்றும், கையில் ஆயுதம் இருந்தும் மக்களை நோக்கிச் சுட வேண்டாம் என்று தமிழரசன் தடுத்துவிட்டார் என்றும் ஆதரவாளர்கள் சொல்கின்றனர். மக்கள் நினைத்தது எளிமையானதாகவே இருந்திருக்க வேண்டும்: கிராமத்து வங்கியில் இருப்பது ஊராரின் சேமிப்பும் அடகு நகையும். அதை எடுத்துக்கொண்டு ஓடுபவர் யாருக்காகப் போராடுகிறார் என்று அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

பின்னர்

அவர் இறந்த பதினாறாம் நாள், வன்னியர் இட ஒதுக்கீட்டுக்காக ஒரு வாரச் சாலை மறியல் வடமாவட்டங்களில் தொடங்கியது. செப்டம்பர் 17 முதல் 23 வரை நடந்த அப்போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தனர். பட்டியல் சாதியினரின் குடிசைகளும் பல இடங்களில் எரிக்கப்பட்டன. எந்த இரு பிரிவினர் ஒன்றுசேர வேண்டும் என்று அவர் விரும்பினாரோ, அவர்களிடையே பிளவு ஆழமானது. 2019 ஏப்ரல் 18 அன்று, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாளில், இதே பொன்பரப்பியில் பட்டியல் சாதியினரின் வீடுகள் தாக்கப்பட்டன.

இயக்கம் பல துண்டுகளாகியது. தொண்ணூறுகளில் குள்ளஞ்சாவடி, ஆண்டிமடம் காவல் நிலையங்கள் மீது நடந்த தாக்குதல்கள் அதன் பெயரிலேயே பதிவாயின. 2000 இல் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தி 108 நாள் வைத்திருந்தபோது, இவ்வமைப்பைச் சேர்ந்தவர்களும் அவருடன் இருந்தனர். சிறையிலிருந்த உறுப்பினர்களின் விடுதலையும் கோரிக்கைகளில் ஒன்று. 2002 இல் தடை செய்யப்பட்ட இவ்வமைப்பு, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

2023 இல் வெளிவந்த வெற்றிமாறனின் 'விடுதலை' திரைப்படத்தைப் பார்த்த பலர், அதில் வரும் வாத்தியார் பாத்திரத்தில் கலியபெருமாளையும் தமிழரசனையும் கண்டனர். படத்தொடக்கத்தில் வரும் ரயில் விபத்து மருதையாற்றை நினைவூட்டியது. படத்தின் மூலக்கதை என்று குறிப்பிடப்படுவது ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதை. செப்டம்பர் 1 அன்று தமிழ்த் தேசிய அமைப்புகள் சில ஆண்டுதோறும் தமிழரசனுக்கு நினைவேந்தல் நடத்துகின்றன.