தரிசைத் திருத்திய கைகள்... தேசத்தை இணைத்த சைக்கிள்கள்!

கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை ஒரு கூட்டுப் பயணம்

‘கேள்வி-பதில்’ பகுதிக்கு ஒரு வாசகர் இப்படி எழுதியிருந்தார்: ‘படிப்பை முடித்த என் மகன், நண்பர்கள் ஏழு பேரோடு கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை சைக்கிளில் போகப் போவதாகச் சொல்கிறான். இரண்டு மாதம் ஆகுமாம். தை மாதம் அறுவடைக்கு ஆள் இல்லாமல் தவிக்கும் நேரத்தில் ஊர் சுற்றப் போனால் யாருக்கு என்ன லாபம்? அனுப்பலாமா, வேண்டாமா?’

இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. இதே பாதையில், இதே மாதத்தில், சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் சைக்கிளில் போயிருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிப்போனவர் மண்ணை நம்பி வாழ்ந்த ஒரு மனிதர்.

கிணற்றில் தொடங்கிய கதை

மகாராஷ்டிர மாநிலம், வார்தா மாவட்டத்திலுள்ள ஹிங்கன்காட்டில் 1914-ம் ஆண்டு, டிசம்பர் 26-ம் தேதி, நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவர் முரளிதர் தேவிதாஸ் ஆம்தே. ஊரும் உலகமும் அவரை ‘பாபா ஆம்தே’ என்றே அழைத்தது. வக்கீலாக இருந்தவர், மழையில் நனைந்து சாலையோரம் கிடந்த ஒரு தொழுநோயாளியைப் பார்த்து முதலில் பயந்து விலகினார். பிறகு அந்தப் பயத்தை வெல்ல வேண்டும் என்று முடிவெடுத்தார். அதுவே அவர் வாழ்க்கையின் திசையை மாற்றியது.

1951-ல் சந்திரபூர் மாவட்டம், வரோரா அருகே அரசு கொடுத்த 50 ஏக்கர் கல்லாங்காட்டில் ‘ஆனந்தவன்’ தொடங்கியது. ஆறு தொழுநோயாளிகள், ஒரு நொண்டிப் பசு, ஒரு நாய், கையில் 14 ரூபாய். இவைதான் முதலீடு என்பார்கள். தண்ணீர் இல்லாத நிலத்தில் முதல் வேலை கிணறு வெட்டுவது. விரல் மழுங்கிய கைகள்தான் கடப்பாரையைப் பிடித்தன. தண்ணீர் வந்தது, காய்கறியும் தானியமும் விளைந்தன.

ஆனால், விளைந்ததை வாங்க ஆள் இல்லை. ‘நோயாளி கை பட்ட காய்’ என்று ஊர் ஒதுக்கியது. விலை கிடைக்காத வலி நமக்குத் தெரியும். விலையே கேட்கப்படாத வலி அதைவிடப் பெரியது. 1950-களில் பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் வந்து, அங்கேயே தங்கி, ஆனந்தவனத்தின் காய்கறிகளையே சாப்பிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டடம் கட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் வரோரா மக்களின் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது, சந்தை திறந்தது. பிற்காலத்தில் அதே ஆனந்தவனத்தில் ஒரு வேளாண்மைக் கல்லூரியே உருவானது.

1960-களின் கடைசியில், அதே மாவட்டத்திலுள்ள சோம்நாத் பண்ணையில் ஆண்டுதோறும் கோடைக்கால உழைப்பு முகாம்களைத் தொடங்கினார் ஆம்தே. நாட்டின் பல பகுதிகளிலிருந்து இளைஞர்கள் வந்து மண் சுமந்தார்கள், வரப்பு போட்டார்கள். இந்த முகாம்களில் கலந்துகொண்டவர்கள்தான் பின்னாளில் சைக்கிள் பயணத்துக்குக் கைகொடுத்தார்கள்.

எதற்காக அந்தப் பயணம்?

1984-ம் ஆண்டு நாட்டுக்குப் பொல்லாத ஆண்டு. பஞ்சாபில் ரத்தம் சிந்தியது. பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து டெல்லியிலும் மற்ற ஊர்களிலும் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரையே சந்தேகமாகப் பார்க்கும் நிலை. ‘ஒதுக்கப்பட்டவர்களை ஊரோடு சேர்த்தோம், இப்போது ஊரையும் ஊரையும் சேர்க்க வேண்டும்’ என்பதுதான் ஆம்தேவின் எண்ணம். பயணத்துக்கு அவர் வைத்த பெயர் ‘பாரத் ஜோடோ’, அதாவது பாரதத்தை இணைப்போம். 2022-ல் இதே பெயரில் நடந்த அரசியல் நடைப்பயணம் வேறு. இது அதற்கு வெகுகாலம் முன்பே நடந்தது.

1985 டிசம்பர் கடைசியில் கன்னியாகுமரியிலிருந்து பயணம் புறப்பட்டது. ஆண்களும் பெண்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். ஆம்தேவுக்கு அப்போது 71 வயது. முதுகெலும்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்ததால் அவரால் உட்கார முடியாது. நிற்கலாம், இல்லையென்றால் படுக்கலாம். அதனால் படுக்கை வசதி செய்த வண்டியில் இளைஞர்களோடு போனார். ஊர் ஊராக நின்று மக்களிடம் பேசினார்.

நேர்சாலையில் போகாமல் பல மாநிலங்களுக்குள் வளைந்து சென்றதால், அந்தப் பயணத்தின் தூரம் சுமார் 5,000 கி.மீ. மூன்று ஆண்டுகள் கழித்து, அருணாசலப் பிரதேசத்தின் இட்டாநகரிலிருந்து குஜராத்தின் ஓகா துறைமுகம் வரை, கிழக்கிலிருந்து மேற்காக 7,500 கி.மீ-க்கும் மேல் இரண்டாவது பயணத்தையும் நடத்தினார். சைக்கிளில் வருபவரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. காரில் வருபவருக்குக் கதவைத் திறக்கத் தயங்கும் வீடும், வியர்வையோடு வந்து தண்ணீர் கேட்பவருக்குச் சொம்பை நீட்டும். பயணத்தின் பலம் அதுதான்.

உழவர் வீட்டுப் பிள்ளை என்ன பார்ப்பான்?

இன்றைக்கு நேர்வழி, தேசிய நெடுஞ்சாலை 44. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை சுமார் 3,700 கி.மீ. ஒரு நாளைக்கு 70 கி.மீ என்று வைத்தால் 53 நாள். ஓய்வு நாளையும் சேர்த்தால் இரண்டு மாதம். உங்கள் மகன் சொன்ன கணக்கு சரிதான்.

மார்கழியில் புறப்பட்டால் நம் ஊர் சம்பா கதிர் முற்றும் காலம். தொப்பூர் மலையேறி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டினால் தக்காண மேட்டுநிலம். அனந்தபூரில் மானாவாரி நிலக்கடலைக்காரர்கள் மழையோடு எப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்று பார்க்கலாம். அடிலாபாத் தொடங்கிக் கரிசலும் பருத்தியும். வழியிலேயே ஆம்தே பிறந்த ஹிங்கன்காட் வரும். சாலையை விட்டு விலகிப் போனால் வரோராவில் ஆனந்தவனத்தையும் பார்த்துவிடலாம். அடுத்து நாக்பூர் ஆரஞ்சு. பஞ்சாபைத் தொடும்போது கோதுமை வயல். அங்கே இறங்கிப் பேசினால், நெல்-கோதுமை என்று மாற்றி மாற்றிப் போட்டதில் நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்துக்குப் போய்விட்டது என்பதை அந்த விவசாயியே சொல்வார். புத்தகத்தில் படிப்பது வேறு. போர்வெல் பக்கத்தில் நின்று கேட்பது வேறு.

கிளம்புவதற்கு முன்பு...

* காற்றும் வெயிலும்: ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பகுதியில் சைக்கிள் ஓட்டுவது பெரும்பாடு. மார்ச்சுக்குப் பிறகு தெலங்கானா, விதர்பா வெயில் தாங்காது. நவம்பர், டிசம்பரில் கிளம்புவது நல்லது. ஜனவரியில் வடக்கே காலைப் பனிமூட்டம் இருக்கும். அது விலகிய பிறகே சாலையில் இறங்க வேண்டும்.

* பழக்கம்: இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் ஓட்ட வேண்டும். 20 கி.மீ-ல் தொடங்கி, சுமையோடு 70 கி.மீ வரை ஏற்ற வேண்டும்.

* வரிசை: ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். குழுவில் மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போகட்டும். அவர் வேகம்தான் எல்லோருடைய வேகம். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது.

* கருவி: பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்ப், ஆளுக்கு இரண்டு டியூப், பிரேக் கட்டை, செயின் எண்ணெய். குழுவில் எல்லோர் சைக்கிளும் ஒரே அளவு சக்கரமாக இருந்தால் டியூப், டயரை மாற்றிக்கொள்ளலாம்.

* தண்ணீர்: தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

* தங்கல்: கோயில் மண்டபம், பள்ளிக்கூடம் என்று அனுமதி கேட்டுத் தங்கலாம். வடக்கே குருத்வாராக்களில் சாதி, மதம் பார்க்காமல் எல்லோருக்கும் ‘லங்கர்’ என்ற இலவசச் சாப்பாடு உண்டு. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவக் கைகொடுப்பது மரியாதை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆம்தே எதிர்த்துப் போராடிய தொழுநோய் இன்றைக்கு முழுமையாகக் குணமாகும் நோய். உடம்பில் உணர்ச்சியற்ற, நிறம் மங்கிய தேமல் தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம். சீக்கிரம் காட்டினால் கை, கால் ஊனமாகாமல் தடுக்கலாம்.

சரி, அனுப்பலாமா? அறுவடைக்கு ஆள் குறைவது உண்மைதான். அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. எட்டுப் பேரும் கிளம்புவதற்கு முன்பே, எந்த வீட்டில் எந்தத் தேதிக்குக் கதிர் முற்றும் என்று கணக்குப் போடட்டும். சீக்கிரம் முற்றுகிற வயல்களில் எட்டுப் பேரும் சேர்ந்து இறங்கி வேலையை முடிக்கட்டும். மீதிக்கு மிஷினுக்கோ ஆளுக்கோ இப்போதே சொல்லிவைக்கட்டும். பயணத் தேதி பத்து நாள் தள்ளிப்போனால் குறைவில்லை. அந்த எட்டுப் பேரும் ஒருவர் வயலில் ஒருவர் இறங்கி வேலை செய்யத் தயார் என்றால், 3,700 கி.மீ தூரத்தையும் சண்டையில்லாமல் கடப்பார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தோடு மகனைத் தாராளமாக அனுப்பலாம் ஐயா. போகிற வழியில் அவன் பார்க்கும் பயிர்களையும், விவசாயிகள் சொல்லும் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள்.