கஞ்சித் தண்ணீரோடு ஊற்றிவிடும் சத்து

முகாமை விட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்பிய முதல் மாதங்களில், நிவாரணப் பொதியில் வந்த அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவற்றை நம்பியே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. இவற்றால் வயிறு நிறையும்; வேலை செய்யச் சக்தியும் கிடைக்கும். குறைவது விற்றமின்கள். அவற்றிலும் முதலில் தட்டுப்படுவது தண்ணீரில் கரையும் வகை: பி தொகுதியைச் சேர்ந்த எட்டு விற்றமின்களும் விற்றமின் சியும்.

தண்ணீரில் கரைவதால் இரண்டு காரியம் நடக்கிறது. தேவைக்கு மேலானதை உடல் பெரிதாகச் சேர்த்து வைக்காமல் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். (கிளினிக்கில் தந்த விற்றமின் குளிசை போட்டபின் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம். அது மிஞ்சிய பி2.) பி1 கையிருப்பு சில வாரங்களில் முடிந்துவிடும், சி சில மாதம்கூடத் தாங்காது. பி12 மட்டும் ஈரலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் அது மீன், கருவாடு, முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றிலிருந்துதான் வரவேண்டும். அடுத்தது, அரிசியையும் கீரையையும் கழுவும் தண்ணீரிலும் அவிக்கும் தண்ணீரிலும் இந்தச் சத்துக்கள் இறங்கிவிடும்.

இது சிறிய விடயம் அல்ல. மொசாம்பிக் யுத்தத்தில் இடம்பெயர்ந்து மலாவி நாட்டில் தங்கியிருந்த மக்களுக்குச் சோளத்தோடு கச்சானும் நிவாரணமாகக் கிடைத்துவந்தது. பின்னர் கச்சான் விநியோகம் தடைப்பட்டது. 1990 இல் 18,000 இற்கும் மேற்பட்டோருக்குப் பெலகிரா என்னும் நோய் கண்டது. வெயில் படும் கழுத்திலும் கையிலும் தோல் கறுத்து உரிவதும் வயிற்றோட்டமும் அதன் அறிகுறிகள். காரணம் பி3 போதாமை. அவர்களுக்கு அந்தச் சத்தைக் கொடுத்துவந்தது கச்சான்தான்.

நமது பக்கத்தில் கவனிக்க வேண்டியது அரிசி. பி1 தவிட்டில் இருக்கிறது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது அது அரிசிமணியின் உள்ளே இறங்கிவிடுவதால், குற்றியபின்னும் புழுங்கலரிசியில் ஓரளவு மிஞ்சும். நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் மிகக் குறைவு. பி1 இல்லாமற் போனால் வருவது பெரிபெரி. சிங்களத்தில் ‘பெரி’ என்றால் ‘முடியாது’. அந்தப் பெயர் அங்கிருந்தே வந்ததாகச் சொல்வார்கள். கால் விறைக்கும், நடை தளரும், சிலருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும். தாய்ப்பாலில் பி1 குறைந்தால் கைக்குழந்தைக்கே ஆபத்து. ஆகவே பத்தியம் என்று பிள்ளை பெற்ற தாயின் உணவைச் சோற்றோடு சுருக்கிவிடாதீர்கள். பயறு, பருப்பு, மீன், கீரை எல்லாம் அவருக்கு வேண்டும்.

தெரிவு இருந்தால் புழுங்கலரிசியை வாங்குங்கள். கல் மண் போக ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை கழுவினால் போதும். கஞ்சியை வடித்தால் உப்புப் போட்டுக் குடியுங்கள். கடலை, பயறு விரைவாக அவிய அப்பச்சோடா போடுவது பி1 ஐ அழித்துவிடும். இரவே ஊறவைப்பது நல்லது. மரவள்ளி அவித்த தண்ணீரை மட்டும் கட்டாயம் ஊற்றிவிடுங்கள், அதில் நஞ்சு இறங்கியிருக்கும்.

கீரையை முதலில் கழுவி, பிறகு அரியுங்கள். நம்மவர் செய்யும் வறை உண்மையில் நல்ல முறை: தண்ணீர் கொஞ்சம், நேரம் குறைவு, ஊற்றிவிட எதுவும் இல்லை. விற்றமின் சி சூட்டிலும் அழியும் என்பதால் தேசிக்காய்ப் புளியை அடுப்பால் இறக்கியபின் விடவேண்டும். சி இருந்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். தேசிக்காயைவிடக் கொய்யாவிலும் நெல்லியிலும் சி பல மடங்கு அதிகம். ஒரு கொய்யாப்பழம் ஒருவருக்கு ஒரு நாளுக்குத் தாராளம்.

மரம் இன்னும் இல்லையா? பொதியில் வந்த பயறே போதும். காய்ந்த பயற்றில் சி கிட்டத்தட்ட இல்லை, முளைக்கும்போது உண்டாகிறது. ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு நாள் கட்டி வையுங்கள். கிணறு இன்னும் இறைத்துக் குளோரீன் இடப்படவில்லை என்றால் கொதித்தாறிய நீரையே பாவித்து, முளையை இலேசாக ஆவியில் அவித்து உண்ணுங்கள். சி கொஞ்சம் குறைந்தாலும் வயிற்றோட்டம் வராது.

மழை தொடங்கியதும் முருங்கைத் தடி ஒன்றும் பப்பாசிக் கன்று இரண்டும் வையுங்கள். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் கறிக்கு வரும். ஆனால் கண்ணிவெடி அகற்றியதாக அறிவிக்கப்படாத காணிக்குள் கீரை பிடுங்கவோ நெல்லி பொறுக்கவோ யாரும் போகக்கூடாது. பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பிள்ளை எதிர்பார்க்கும் தம்பதியர் குடும்பநல உத்தியோகத்தரிடம் போலிக் அமிலக் குளிசையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். இதுவும் பி தொகுதிதான். சிசுவின் முள்ளந்தண்டு நரம்பு கருவுற்ற முதல் நான்கு வாரத்திலேயே உருவாகிவிடும். தாய்க்குத் தெரியவரும் முன்னரே அந்தக் காலம் கடந்துபோகலாம்.

கடைவாய் வெடிப்பு, முரசில் இரத்தம், கால் எரிவு அல்லது விறைப்பு இருந்தால் அடுத்த கிளினிக் நாளில் காட்டுங்கள். கைக்குழந்தை பால் குடிக்க மறுத்து, அழுகைச் சத்தம் அடைத்து, மூச்சு வாங்கினால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.