நள்ளிரவில் கதவைத் தட்டியவன்

தொட்டிலும் திருச்சபையும் - 7

லூக்கா 11ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு கதை சொல்கிறார். நள்ளிரவில் ஒருவன் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கடன் கேட்கிறான். உள்ளே படுத்திருப்பவன் தொந்தரவு செய்யாதே என்கிறான். கதவைப் பூட்டியாயிற்று, பிள்ளைகளும் தன்னோடு படுத்திருக்கிறார்கள், இப்போது எழ முடியாது என்கிறான். சலிக்காமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்கான கதை இது. பிரசங்கங்களில் தட்டியவனின் விடாமுயற்சியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கோ உள்ளே உறங்கும் பிள்ளைகள் மேல்தான் கண் போகிறது. அக்காலத்து ஏழை வீட்டில் பெரும்பாலும் ஒரே அறை. இரவானால் பாயை விரித்துக் குடும்பமே ஒன்றாகப் படுக்கும். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அப்படித்தான் உறங்கினார்கள் என்பதால் இயேசு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: பிள்ளைகளோடு படுத்திருப்பதாக அந்தக் கதை சொல்வது தகப்பனை.

இதே கதையைத் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்த அமெரிக்கக் கிறிஸ்தவர்கள், கைக்குழந்தையைப் பெற்றோர் பக்கத்தில் படுக்கவைக்கலாமா கூடாதா என்று பல பத்தாண்டுகளாக வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாயிலோ தூளியிலோ தாயின் கைக்கெட்டும் தூரத்தில் வளர்ந்த நமக்கு இது விநோதமாகப் படலாம். ஆனால் படுக்கையைப் பற்றிய வாதத்துக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. அழுகிறவனுக்குக் கடவுள் என்ன செய்கிறார் என்பதே அது.

சென்ற வாரம் சூசன்னா வெஸ்லியைப் பார்த்தோம். தம் பிள்ளைகள் ஒரு வயதாகும்போதே பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொண்டார்கள் என்று மகன் ஜானுக்கு 1732இல் கடிதம் எழுதிய தாய் அவர். பிள்ளையின் சித்தத்தை முதலில் அடக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கலிபோர்னியாவில் புது உருவம் எடுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் உள்ள கிரேஸ் கம்யூனிட்டி சர்ச்சில், 1980களில், கேரி எஸ்ஸோவும் அவர் மனைவி ஆன் மேரியும் இளம் பெற்றோருக்கு வகுப்பு நடத்தினார்கள். அது பரவி ஒரு நிறுவனமாயிற்று. 1993இல் குழந்தை மருத்துவர் ராபர்ட் பக்னமுடன் சேர்ந்து எஸ்ஸோ எழுதிய ‘ஆன் பிகமிங் பேபிவைஸ்’ வெளிவந்தது. கிறிஸ்தவ வார்த்தைகளை எடுத்துவிட்டுப் பொது வாசகருக்காக அதே முறையைச் சொன்ன புத்தகம் அது.

முறை எளிது. பால், விழிப்பு, உறக்கம் என்ற வரிசையைப் பெற்றோர் வகுக்க வேண்டும்; பால் கொடுக்கும் நேரத்தைக் குழந்தையின் அழுகை தீர்மானிக்கக் கூடாது. குழந்தை தனியே படுக்க வேண்டும், தேவைப்பட்டால் அழுதபடியே உறங்கிப் பழக வேண்டும். ஒழுங்காகச் செய்தால் இரண்டு மாதத்துக்குள் இரவு முழுக்கத் தூங்கும் என்று நம்பிக்கை ஊட்டினார்கள். தூக்கமின்றித் தவிக்கும் பெற்றோருக்கு இதைவிட இனிய செய்தி வேறு ஏது? அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அழுகிற குழந்தையை எடுக்காமல் இருக்கத் தாய்மாருக்கு மனம் வரவில்லை. அதற்குச் சபை வகுப்பில் சொல்லப்பட்ட பதிலை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. சிலுவையில் குமாரன் கதறியபோது பிதா குறுக்கிடவில்லையே, அதற்காகக் கடவுளைத் துதியுங்கள் என்றார்கள்.

சிலுவைக்குப் போனவர் வளர்ந்தவர், மனமுவந்து போனவர். பால் கேட்டு அழும் மூன்று வாரக் குழந்தையை எந்த நியாயத்தில் அந்த இடத்தில் நிறுத்துவது? அதோடு, அவர் சிலுவையில் கதறியது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். அந்தச் சங்கீதத்தை மேலே படித்தால் 9ஆம் வசனத்தில் தாயின் மார்பில் இருந்தபோதே நம்பக் கற்றதாக வருகிறது. 24ஆம் வசனத்திலோ, கர்த்தர் முகத்தை மறைக்கவில்லை, கூப்பிட்டபோது கேட்டார் என்று இருக்கிறது. முதல் வரியை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் அழுகையைக் கேளாத ஒரு தகப்பன்தான் மிஞ்சுவார். அவர் வேதாகமத்தின் கடவுள் அல்ல.

உடலும் இந்த முறைக்கு ஒத்துழைக்கவில்லை. பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது, தாய்ப்பாலோ சீக்கிரம் செரித்துவிடும். குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அதற்கேற்பவே பால் சுரக்கும். இடைவெளி நீண்டால் சுரப்பு குறையும். பசிக்கு அழுகை கடைசி அறிகுறி, அதுவரை காத்திருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 1997இல் சொன்னது. இந்த முறையில் வளர்ந்த சில குழந்தைகளுக்கு நீர்ச்சத்துக் குறைவும் எடை ஏறாத நிலையும் ஏற்பட்டதை, மருத்துவர் மேத்யூ ஏனி 1998இல் அகாதமியின் செய்தி இதழில் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டே கிரேஸ் சபையின் மூப்பர்கள், எஸ்ஸோவின் போதனையிலிருந்து விலகி நிற்பதாக அறிக்கை வெளியிட்டார்கள். தங்கள் சபையில் முளைத்ததையே சோதித்துப் பார்த்த அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன்.

இதே நாட்டில், இதே விசுவாசத்திலிருந்து, வேறொரு வழியும் பிறந்தது. 1956இல் இல்லினாய் மாநிலம் பிராங்க்ளின் பார்க்கில் ஏழு கத்தோலிக்கத் தாய்மார் சேர்ந்து தாய்ப்பாலூட்ட ஒருவருக்கொருவர் உதவ ஒரு குழு அமைத்தார்கள். மார்பகம் என்ற சொல்லைப் பத்திரிகைகள் அச்சிடத் தயங்கிய காலம். புளோரிடாவில் பாலூட்டும் மாதாவுக்கு இருக்கும் திருத்தலத்தின் பெயரிலிருந்து ‘லா லெச்சே லீக்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் அந்த இயக்கத்தோடு நெருங்கிப் பணியாற்றியவர்கள் குழந்தை மருத்துவர் வில்லியம் சியர்ஸும் செவிலியரான மனைவி மார்த்தாவும். அவர்களின் முதல் மூன்று பிள்ளைகள் தொந்தரவில்லாமல் தூங்கினார்கள். 1978இல் பிறந்த நான்காவது குழந்தை ஹேடன் தனியாகப் படுக்க மறுத்தாள். ஓர் இரவு அவளை அணைத்தபடியே மார்த்தா உறங்கிவிட, இருவரும் நன்றாகத் தூங்கினார்கள். ‘பேபிவைஸ்’ வந்த அதே 1993இல் சியர்ஸ் தம்பதியின் ‘தி பேபி புக்’ வந்து, குழந்தையை ஒட்டி வளர்க்கும் முறையை ஊரறியச் செய்தது. கிறிஸ்தவப் பெற்றோருக்கென்றே தனிப் புத்தகமும் அவர்கள் எழுதினார்கள்.

என் மனம் சியர்ஸ் பக்கம்தான். ஆனால் ஒரே படுக்கையின் ஆபத்தையும் வேதாகமம் மறைக்கவில்லை. 1 இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தில் சாலொமோனிடம் வழக்கு வந்ததே ஒரு தாய் தூக்கத்தில் தன் பிள்ளைமேல் புரண்டு படுத்ததால்தான். இடைக்கால ஐரோப்பாவில் இப்படி இறந்த குழந்தைகளுக்காகப் பெற்றோருக்குத் திருச்சபை தவத்தண்டனை விதித்தது. ‘ஆர்குசியோ’ என்றொரு மரச்சட்டம் இத்தாலியில் இருந்தது. குழந்தையை மூடும் கூண்டு வடிவம், தாய் சாய்ந்து பால் கொடுக்க ஒரு பக்கம் வெட்டிய இடம். பிளாரன்சில் செவிலித்தாய்கள் அதைப் பயன்படுத்தாவிட்டால் சபைநீக்கம் என்று 1732இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு குறிப்பு வந்தது. சூசன்னா அந்தக் கடிதம் எழுதிய அதே ஆண்டு! அங்கே திருச்சபை குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கச் சொல்லவில்லை, பக்கத்திலேயே பாதுகாப்பாக வைக்கச் சொன்னது.

இன்றைய மருத்துவ ஆலோசனையும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், மல்லாந்து உறங்கட்டும் என்கிறது அகாதமியின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரை. மானுடவியலாளர் ஜேம்ஸ் மெக்கென்னா, நோட்ர டேம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில், தாயும் சேயும் சேர்ந்து உறங்குவதைப் பல ஆண்டுகள் படம்பிடித்துப் பார்த்தவர். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை தாயை நோக்கியே படுக்கிறது, அடிக்கடி விழித்துக் குடிக்கிறது என்று கண்டார். அகாதமியின் எச்சரிக்கை அளவுக்கு மீறியது என்பது அவர் கட்சி. அகாதமியும் அவரும் ஒத்துப்போகும் இடம் முக்கியமானது: சோபாவில் குழந்தையோடு உறங்குவது மிக ஆபத்து. மது குடித்தவரும் புகைபிடிப்பவரும் பக்கத்தில் படுக்கக் கூடாது. குறைமாதக் குழந்தையைத் தனிப் படுக்கையில்தான் விட வேண்டும்.

கைக்கெட்டும் தூரத்தில் தனித் தொட்டில், அழுதால் எடுக்கும் கை. கனிவான வளர்ப்புக்கு இது போதும் என்பேன். ஒரே மெத்தையில் படுத்தால்தான் நல்ல தாய் என்று சொல்வதும் இன்னொரு நுகம். இரவில் நான்கு முறை எழுந்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போகிற தாயிடம் ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லி நகர்வதைவிட, ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, குழந்தையை இரண்டு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளலாம் சபையார். தகப்பனும் எழுந்திருக்கலாம்; பிள்ளைகளை எரிச்சலூட்டாதீர்கள் என்று பவுல் எபேசியருக்கு எழுதியது தகப்பன்மாரைப் பார்த்துத்தான்.

பிள்ளை நடக்கத் தொடங்கியதும் வாதம் படுக்கையை விட்டுப் பிரம்புக்கு மாறுகிறது. நீதிமொழிகள் 13:24ஐயும், அதை நம்பி டென்னசியில் ஒரு தம்பதி 1994இல் வெளியிட்ட புத்தகத்தையும் அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)