தார்வீதியை விட்டு மலைப்பாதைக்கு

பாடசாலை விளையாட்டுப் போட்டிக் காலம் வந்ததும் மலைநாட்டில் முதலிற் பேசப்படுவது மரதன் ஓட்டம். உண்மையில் அது மரதன் தூரமன்று. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் ஓடப்பெற்று, 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்ட அத்தூரம் 42.195 கிலோமீற்றர். நம் மாணவர் ஓடுவது அதில் ஒரு சிறு பங்கே. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது; பெயரோடு தார்வீதியும் நிலைத்துவிட்டது.

ஹாலிஎலயை எடுத்துக்கொள்வோம். பேராதனையிலிருந்து பதுளை வழியாகச் செங்கலடி செல்லும் பெருந்தெருவும், பெரகலையிலிருந்து பண்டாரவளை வழியாக வரும் தெருவும் இங்கேதான் கூடுகின்றன. வளைவுக்கு வளைவு பேருந்தும் லொறியும் எதிர்ப்படும் இவ்வீதியில் ஓடுகிறவன், கால் பாதி, காது பாதியாகவே ஓடவேண்டியிருக்கிறது. வீதிக்கு மேலே சிறிது தூரத்தில், தேயிலைச் சரிவுகளினூடே, வாகனமே காணாத பாதைகள் எத்தனையோ கிடக்கின்றன. வீதியோட்டத்திற் பழகிய ஒருவன் அங்கே திரும்பினால் என்ன நேரும்?

முதலில் அவன் கைக்கடிகாரம் பொய்த்துப்போகும். சமதரையில் ஒரு கிலோமீற்றருக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கிட்டுப் பழகியவனுக்கு மலை வேறு கணக்குச் சொல்கிறது. ஸ்கொத்லாந்து மலையேற்றக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் நடப்போருக்கென ஒரு விதி வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதன்மேல், ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் இன்னுமொரு மணி நேரம். ஆறு மைல் தூரத்தில் இரண்டாயிரம் அடி ஏறுபவனுக்கு, இரண்டு மணி மூன்று மணியாகிறது. ஓடுபவனுடைய வேகம் வேறானாலும் உண்மை அதுவே. தூரம் மட்டும் அளவன்று, உயரமும் அளவாகும்.

இரண்டாவது, அவன் செருக்குக் குறையும். செங்குத்தான ஏற்றத்தில் ஓடுவதினும் நடப்பதே சிக்கனம். தேர்ந்த மலையோட்டக்காரரும் முழங்காலிற் கைகளை ஊன்றி நடக்கவே செய்கின்றனர். இறக்கம் எளிதென எண்ணுவோருக்கும் பாடம் காத்திருக்கிறது. இறங்கும்போது தொடைத் தசைகள் உடற்பாரத்தைத் தாங்கியபடியே நீள்கின்றன. அதனாலேதான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்க முடியாத நோவு உண்டாகிறது. குறுகிய அடிகளை விரைந்து வைப்பதே இதற்கு மருந்து.

மூன்றாவது, அவன் கண் விழித்துக்கொள்ளும். இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு மலைவழி கூறும் நூல். புகழுரையோடு அது நின்றுவிடவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, பொழுது புலர்ந்தபின் செல்லுங்கள் என்கிறது. குழிகளிற் பாம்பு மறைந்திருக்கும் என்கிறது. தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்கச் சொல்கிறது. வழுக்கும் இடத்திற் கொடியைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறது. மலையோட்டக்காரனுக்கு இதைவிட நல்ல கைந்நூல் ஏது?

உலகம் இவ்வகை ஓட்டத்தை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தது. 1912, 1920, 1924 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களில் நாட்டுப்புற ஓட்டம் இடம்பெற்றது. 1924இல் பாரிஸ் நகரின் கடும் வெயிலில் ஓடத் தொடங்கியோர் 38 பேர். முடித்தோர் 15 பேரே. பின்லாந்தின் பாவோ நூர்மி வென்றார். அத்தோடு அப்போட்டியும் ஒலிம்பிக்கிலிருந்து மறைந்தது. 2015இலேதான் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் பாதையோட்டத்தைத் தன் துறைகளுள் ஒன்றாக ஏற்றது. 2022இல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் மலையோட்டத்துக்கும் பாதையோட்டத்துக்கும் சேர்த்து உலகப் போட்டி நடைபெற்றது.

இத்துறையின் பெரும் பெயர்களுள் ஒன்று ஜோஸ் நெய்லர். வட இங்கிலாந்தின் ஏரி நாட்டில் ஆடு மேய்த்த உழவர் அவர். 1975இல் ஒரே நாளுக்குள் 72 குன்றுச் சிகரங்களை ஓடி முடித்தார். மந்தையின் பின்னே அன்றாடம் ஏறியிறங்கியதே அவருக்குப் பெரும் பயிற்சி. இதைப் படிக்கும் ஊவாத் தோட்டத்து ஆசிரியருக்குத் தம் வகுப்பறை நினைவுக்கு வராமற் போகுமா? லயத்திலிருந்து குறுக்குப்பாதையால் இறங்கிப் பள்ளிக்கு வந்து, மாலையில் அதே சரிவில் ஏறித் திரும்பும் பிள்ளைகள் அங்கே இருக்கின்றனர். அந்தக் கால்களின் திறனை நாம் தட்டையான தார்வீதியில் வைத்தல்லவா அளக்கிறோம்!

அப்பாதைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிறங்கி, காடுகளினூடே மாத்தளைவரை நடந்து, வழியிற் பலரைப் பறிகொடுத்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வெட்டிய பாதைகள் அவை. இன்று கண்டியிலிருந்து அப்புத்தளை, எல்ல, தெமோதரை வழியாகச் சுற்றி நுவரெலியா சேரும் பீக்கோ நெடும்பாதை, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. அதன் பல பகுதிகளும் தோட்டத்துப் பாதைகளே. கடல் கடந்து வருவோர் விரும்பி நடக்கும் பாதை நம் பிள்ளைக்கு வெறும் பள்ளிப்பாதையாக மட்டும் தோன்றலாமா?

எச்சரிக்கையும் வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் உயிர்களைக் கொண்டன. ஆகவே பெருமழையின் பின் சரிவுகளில் ஓடுதல் ஆகாது. கானின் விளிம்பை மிதித்து உடைப்பதும், கொழுந்துக்கூடை சுமந்து வருவோரை ஒதுங்கச் செய்வதும் ஓட்டக்காரனுக்கு அழகன்று, ஒதுங்கவேண்டியவன் அவனே.

இவற்றைக் கருத்திற்கொண்டு, தோட்ட நிருவாகத்தின் அனுமதியோடு, வளைவுதோறும் பெரியவர் ஒருவரை நிறுத்தி, மழையற்ற மாதமொன்றில் ஒரு முறையேனும் நம் பாடசாலைகள் மரதன் ஓட்டத்தை மலைப்பாதையில் நடத்திப் பார்க்கலாம். வழக்கமான வெற்றியாளரே அங்கும் முந்தலாம். அன்றி, இதுவரை பட்டியலில் இடம்பெறாத, மேற்பிரிவு லயத்துப் பிள்ளையொன்றும் முந்தக்கூடும். அந்தப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பை அளிப்பது ஆசிரியர் கடமையன்றோ?