தஞ்சாவூர் கலைக்கூடம்

தஞ்சாவூர் கலைக்கூடம் என்பது தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் இயங்கும் அருங்காட்சியகமாகும். சோழநாட்டுக் கோயில்களைச் சேர்ந்த கற்சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் இங்கு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

தோற்றம்

தஞ்சையை அடுத்த கருந்தட்டாங்குடியில் கவனிப்பாரின்றிக் கிடந்த ஒரு பிரம்மன் சிலையை வெளியூருக்குக் கொண்டுசெல்லும் முயற்சி நடந்தது. ஊர்மக்கள் அதனை எதிர்த்தனர். சிலை தஞ்சையிலேயே தங்கியது. இதுபோல் சிதறிக் கிடந்த சிற்பங்களைத் திரட்டிக் காக்க, அப்போதைய மாவட்ட ஆட்சியர் டி. கே. பழனியப்பன் முயற்சியால் 1951இல் இக்கலைக்கூடம் தொடங்கப்பட்டது.

கற்சிற்பங்கள்

இரண்டாம் இராசராசன் காலத்தைச் (12ஆம் நூற்றாண்டு) சேர்ந்த தாராசுரம் சிற்பங்கள் இங்கு குறிப்பிடத்தக்கவை. யானையை உரித்த பெருமான், பிச்சாடனரும் முனிவர் மனைவியரும் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

செப்புத் திருமேனிகள்

இவை மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை. முதலில் மெழுகில் உருவம் செய்து அதன்மேல் மண் பூசுவர். சூடாக்கியதும் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். சிலையை எடுக்க மண் அச்சை உடைக்க வேண்டும். ஆதலால் ஒரு சிலையைப் போல் மற்றொன்று அமைவதில்லை.

திருவெண்காட்டில் மண்ணிலிருந்து கிடைத்த ரிசபவாகன தேவர் இவற்றுள் புகழ்பெற்றது. சிவபெருமான் காளையின்மேல் கையூன்றி நிற்கும் கோலம் இது. காளை இப்போது இல்லை. கை மட்டும் அது நின்ற இடத்தைக் காட்டுகிறது. தலையில் சடைமுடி தலைப்பாகை போலச் சுற்றப்பட்டுள்ளது. அருகில் தேவியின் திருமேனி உள்ளது.

ஊரும் சிலையும்

பெரும்பாலான சோழர் செப்புத் திருமேனிகளின் காலத்தை அவற்றின் அமைப்பைக் கொண்டே கணிக்கின்றனர். ரிசபவாகனரின் காலமோ திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டால் தெளிவாகிறது. தேவர் 1011ஆம் ஆண்டையும் தேவி அதற்கு அடுத்த ஆண்டையும் சேர்ந்தவர்கள். சிலை எந்த ஊருக்கு உரியது என்பது தெரிந்திருந்ததாலேயே கல்வெட்டையும் சிலையையும் இணைத்துப் பார்க்க முடிந்தது. ஊர்ப்பெயர் தெரியாமல் கடத்தப்பட்டு விற்கப்படும் சிலைக்கு இந்த வாய்ப்பு இல்லை. அழகு எஞ்சும், வரலாறு அறுந்துபோகும்.

இத்தாலியின் சியெனா நகரிலுள்ள தேசிய ஓவியக்கூடமும் இவ்வகையைச் சேர்ந்ததே. அவ்வட்டாரத் தேவாலயங்களில் இருந்த ஓவியங்கள் பல அந்நகரிலேயே வைத்துக் காக்கப்படுகின்றன. கலைப்பொருளை அது பிறந்த மண்ணுக்கு அருகிலேயே வைத்துக் காப்பதுதான் வட்டார அருங்காட்சியகங்களின் சிறப்பு.