காருக்கு டர்போ பூட்டலாமா?

1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ‘ஜெட்ஃபயர்’ என்னும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 3.5 லிட்டர் அலுமினிய என்ஜினில் டர்போ பூட்டி, 215 குதிரைசக்தி பெற்ற கார் அது. ஆனால் அந்த என்ஜினின் அழுத்த விகிதம் 10.25-க்கு 1 என உயர்வாகவே இருந்தது. அதற்குள் மேலும் காற்றைத் திணித்தால் எரிபொருள் தறிகெட்டு வெடிக்கும். அதைத் தணிக்கத் தண்ணீரும் மெத்தில் ஆல்கஹாலும் கலந்த திரவம் தனித் தொட்டியிலிருந்து என்ஜினுக்குள் செலுத்தப்பட்டது. திரவம் தீர்ந்தால் டர்போவின் அழுத்தம் குறையும்படியும் ஏற்பாடு செய்திருந்தனர். உரிமையாளர் பலர் திரவம் ஊற்ற மறந்தனர். பின் வண்டியில் வலு இல்லை என்று குறை கூறினர். 1963-ஆம் ஆண்டோடு அந்தக் காரின் உற்பத்தி நின்றது.

டர்போவைப் பூட்டுவது எளிது; அதனை ஆள்வதே அரிது என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

டர்போ செய்யும் வேலை

வீணே வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்துவதே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-லேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும்.

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 14.7 பவுண்டு. அதோடு 6 பவுண்டு சேர்ந்தால், கணக்கின்படி 40 விழுக்காடு கூடுதல் காற்று கிடைக்கும். ஆனால் அழுத்தப்படும் காற்று சூடேறி விரிவதால் உண்மைப் பயன் அதனினும் குறைவே. அதனைக் குளிர்விக்கவே ‘இன்டர்கூலர்’ பூட்டுகிறார்கள்.

கூடுதல் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் கூட வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று போதும். டர்போ அழுத்தத்தின்போது காற்று 12 பங்குக்கும் கீழே இருப்பதே பாதுகாப்பு. பெட்ரோல் குறைந்தாலோ, தீப்பொறி உரிய நேரத்திற்கு முந்தினாலோ ‘நாக்கிங்’ எனப்படும் தட்டல் ஏற்படும். பிஸ்டன் உடைய அது சில நொடிகள் நீடித்தாலே போதும்.

ஓர் எடுத்துக்காட்டு

1989-இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரில் டர்போ பூட்டுவோர் பல நாடுகளிலும் உண்டு. அதன் 1.6 லிட்டர் என்ஜினின் அழுத்த விகிதம் 9.4-க்கு 1. உட்பாகங்களை மாற்றாமல், அனுபவமுள்ளோர் 6 பவுண்டு அளவிலேயே தொடங்குகின்றனர். அதற்கு முன் நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து, அவை ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கின்றனர். தளர்ந்த என்ஜினுக்கு டர்போ மருந்தன்று, நஞ்சு.

அந்தக் காரில் உள்ளே வரும் காற்றை அளப்பது ஒரு மடிப்புக் கதவு. அது முழுதும் திறந்துவிட்டால், அதற்கு மேல் வரும் காற்றை மூளைப்பெட்டியால் அறிய இயலாது. இங்குதான் என்ஜின் நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி எழுகிறது. வழிகள் மூன்று.

முதலாவது, டர்போ அழுத்தம் ஏற ஏறப் பெட்ரோலின் அழுத்தத்தையும் ஏற்றும் கருவி. மலிவானது, ஆனால் துல்லியமில்லாதது. தீப்பொறியைத் தாமதப்படுத்தத் தனிக் கருவியும் வேண்டும்.

இரண்டாவது, பழைய மூளைப்பெட்டிக்குச் செல்லும் சைகைகளை இடையில் திருத்தும் துணைப்பெட்டி. குறைந்த அழுத்தத்திற்கு இது போதும்.

மூன்றாவது, பெட்ரோலையும் தீப்பொறியையும் முழுமையாக ஆளும் தனி மூளைப்பெட்டி. பவுலிங், கிரிப்போ என்னும் இருவர் உருவாக்கிய ‘மெகாஸ்குவர்ட்’ இவ்வகையைச் சேர்ந்தது. ஆர்வலர் தம் கையாலேயே கூட்டிக்கொள்ளத்தக்கது. இம்முறையே சிறந்தது. ஆயினும் அதில் எண்களை நிரப்ப அறிந்தவர் வேண்டும். தவறான எண் நிரம்பிய உயர்ந்த பெட்டியைவிட, சரியாக அமைந்த எளிய கருவியே மேல்.

எவ்வழியாயினும் புகையிலுள்ள கலவையைத் துல்லியமாகக் காட்டும் ‘வைட்பேண்ட்’ ஆக்சிஜன் உணரி கட்டாயம் வேண்டும். காரோடு வரும் சாதாரண உணரி 14.7-ஐ ஒட்டிய அளவையே சரியாகச் சொல்லும்; அபாய எல்லையை அதனால் அளந்து காட்ட இயலாது.

ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில், தட்டலை உணர்ந்தவுடன் டர்போ அழுத்தத்தைத் தானே குறைக்கும் அமைப்பைக் கொண்டுவந்தது. ஜெட்ஃபயரில் மனிதரின் நினைவை நம்பிய காவலை, இங்கே கருவியே ஏற்றுக்கொண்டது.

பெற்றோர் கவனத்திற்கு

உங்கள் மகன் டர்போ பூட்ட வேண்டுமென்று கேட்டால், ஒரே சொல்லில் மறுத்து அவனை மறைவாகச் செய்யத் தூண்டாதீர்கள். சில கேள்விகளைக் கேளுங்கள். என்ஜினைச் சோதித்தாயா? கலவையை அளக்கக் கருவி உண்டா? டர்போவுக்கு எண்ணெய் சென்று திரும்பும் வழி சீரானதா? கூடிய வேகத்தைத் தாங்கும் பிரேக்கும் டயரும் உள்ளனவா? ஓடிக் களைத்த வண்டியை ஒரு நிமிடமாவது மெதுவாக ஓடவிட்டு அணைக்கும் பொறுமை உன்னிடம் உண்டா?

சட்டத்தையும் நினைவூட்டுங்கள். இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. மாற்றத்தை மறைத்த வண்டிக்கு விபத்து நேர்ந்தால், காப்பீட்டுத் தொகையும் சிக்கலாகலாம்.

இக்கேள்விகளுக்கெல்லாம் அவனிடம் விடை இருந்தால், அவன் வேகத்தை மட்டும் விரும்பவில்லை. ஒரு தொழிலைக் கற்க விரும்புகிறான் என்று பொருள். விடை இல்லையேல், என்ஜின் இருந்தபடியே இருக்கட்டும். உடைந்த பிஸ்டனுக்கு மாற்று கடையில் கிடைக்கும்; சாலையில் போகும் உயிருக்கு மாற்று எங்கும் கிடையாது.