பூமி எத்தனை பேரைத் தாங்கும்? எண்ணூர் முகத்துவாரம் சொல்லும் கணக்கு!

2022 நவம்பர் 15. உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்த நாள். "இவ்வளவு பேரை பூமி தாங்குமா?"னு வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை கேட்டால் என்ன சொல்வீங்க? வடசென்னையைக் காட்டியே விளக்கிடலாம். எப்படி?

தாங்குதிறன் என்றால் என்ன?

ஓர் இடத்தின் தண்ணீர், உணவு, நிலம் கெடாமல் எத்தனை உயிர்கள் தொடர்ந்து வாழ முடியுமோ, அந்த எல்லைதான் தாங்குதிறன்.

1944-ல் அலாஸ்காவை ஒட்டிய செயின்ட் மேத்யூ தீவில் 29 பனிமான்கள் விடப்பட்டன. வேட்டையாடும் விலங்கு இல்லை, மேய்ச்சல் தாராளம். 1963-ல் சுமார் 6,000 ஆகப் பெருகின. மேய்ச்சல் தீர்ந்தது, கடும் குளிரும் சேர்ந்தது. 1966-ல் மிஞ்சியவை 42 மட்டுமே.

மனிதனுக்கும் இதே கதியா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மனிதன் விஷயத்தில் தலையை எண்ணினால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் எவ்வளவு எடுக்கிறோம், கழிவை எங்கே கொட்டுகிறோம் என்பதும் கணக்கில் வரும்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு சராசரியாக 1.8 குழந்தைகள்தான். மக்கள்தொகை குறையாமல் இருக்கத் தேவையான 2.1-ஐ விட இது கம்மி.

ஆனாலும் எண்ணூர் திணறுவது ஏன்?

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர் முகத்துவாரம். வல்லூர், வடசென்னை அனல்மின் நிலையங்களின் மின்சாரம் ஊரெல்லாம் போகுது. நிலக்கரிச் சாம்பலோ இங்கேயே தங்குது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய்யும் இந்தத் தண்ணீரில்தான் படர்ந்தது.

இறால், நண்டு பிடித்துப் பிழைக்கும் மீனவக் குடும்பங்கள் பெருகியதால் வந்த சுமை இல்லை இது. வெளியே இருப்பவர்களின் தேவைக்காக இங்கே இறக்கி வைக்கப்பட்ட சுமை. அதனால், "ஜனம் அதிகமாயிடுச்சு" என்று அந்தப் பகுதி மக்களைக் கை காட்டுவது சரியில்லை.

வழி என்ன?

எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரி மீனவர்களிடம் 'பாடு' என்ற முறை இருக்கு. மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வலை கட்ட மாட்டார்கள். பல தலைமுறைப் பழக்கம் இது. எல்லைக்குள் பகிர்ந்து வாழ்வதற்கு நல்ல பாடம்.

பிள்ளைகளோடு செய்து பாருங்க

ஒரு வாரத்துக்கு வீட்டில் செலவாகும் தண்ணீர் எத்தனை குடம், கரண்ட் எத்தனை யூனிட், குப்பை எத்தனை பை என்று எழுதச் சொல்லுங்க. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருது, குப்பை கொடுங்கையூருக்குப் போகுதா, பெருங்குடிக்கா என்றும் கேளுங்க. நம்ம சுமையை எந்த ஊர் தாங்குதுனு பிள்ளைகளுக்கே புரிஞ்சிடும்.